அம்ஸ்டர்டாமில் அக்கா நடந்த நாள்

போன கிழமை சித்தி வாட்ஸப்பில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தவர், என்னையும் கூப்பிட்டு, "இந்த லீவுக்கு நீயும் வாவன். உன்னை வள்ளத்தில ஏத்தி ஊர் முழுக்கக் காட்டுறன்" என்றார். எனக்கு இப்போது பதினெட்டு வயது. ஹொலன்டில் இருக்கும் அந்தச் சித்தி வீட்டுக்கு நாங்கள் முதன்முதலாகப் போனபோது அக்காவுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். நான் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடம் போன பிறகும் ஒரு கோபம் இவ்வளவு சூட்டோடு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தி மகள் பெரியவளானதற்கான சாமத்தியச் சடங்கைச் சொல்லி விசா எடுத்திருந்தார்கள். வயலை விட்டுவிட்டு வர முடியாதென்று அப்பா கிளிநொச்சியிலேயே நின்றுவிட, அம்மாவும் அக்காவும் நானும் போனோம். எனக்குச் சடங்கில் அக்கறை இல்லை. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர் ஓடும், கண்ணாடிக் கூரை போட்ட வள்ளத்தில் சனம் போய்வரும் என்று சித்தி சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த வாய்க்கால் இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்கு வருவது. அதில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தண்ணீரை நிற்பாட்டிவிட்டால் உள்ளே இறங்கிக் கிரிக்கெட்டும் விளையாடலாம். வள்ளம் ஓடும் வாய்க்காலில் போகப் போகிறேன் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

போய்ச் சேர்ந்த மறுநாளே ஊர் பார்க்கப் புறப்பட்டோம். சித்தி அக்காவுக்கு மட்டும் ஒரு புதுச் சல்வாரும், காலுக்குப் பஞ்சு போன்ற சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தார். அக்காவின் தலையைத் தானே பின்னிவிட்டார். எனக்குப் பழைய சப்பாத்துத்தான். அந்த அநியாயத்தைப் பற்றி ரயிலில் போய் இறங்கும்வரை முறைப்பாடு செய்துகொண்டே போனேன்.

ஊர் சித்தி சொன்னது போலத்தான் இருந்தது. ஒடுக்கமான உயர்ந்த வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றன. கோட் போட்ட பெரிய மனிதர்கள் சைக்கிளில் போனார்கள். எங்கள் ஊரில் சைக்கிளை விட்டு மோட்டார்சைக்கிளுக்கு மாறினால்தான் ஒருவன் முன்னேறிவிட்டான் என்பார்கள். இங்கே முன்னேறியவர்கள் எல்லோரும் திரும்பச் சைக்கிளுக்கே வந்துவிட்டார்கள் போலிருந்தது.

வள்ளங்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தன. நாங்கள் ஏறவில்லை. ஒரு பாலம் ஏறி இறங்கினால், "அங்கால இதைவிட வடிவான பாலம் இருக்கு" என்று சித்தி அடுத்ததைக் காட்டுவார். அக்கா ஒரு தெருவோர வாங்கில் உட்காரப் போனால், "இருந்தால் பிறகு எழும்ப மனம் வராது, வா பிள்ளை. அவசரப்படாமல் நேரா நட" என்பார். சித்தப்பா தலையைக் குனிந்தபடி முன்னால் போனார். அம்மா எதையும் பார்க்கவில்லை. அக்காவின் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்காவின் இடது கெண்டைக்காலுக்குள் எறிகணைச் செல் துண்டு ஒன்று இருக்கிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, முல்லைத்தீவுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம் பட்டது. எடுத்தால் நரம்புக்குச் சேதம் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். கொஞ்சத் தூரம் நடந்தால் ஒன்றும் தெரியாது. கூடுதலாக நடந்தால் கால் இழுக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு கதையே இல்லை. அக்கா என்றால் பின்னேரத்தில் அப்படித்தான் நடப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் கடந்து அந்தக் கால் இழுக்கத் தொடங்கிவிட்டது. வள்ளம் கிடைக்காத எரிச்சலில் நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, அங்க ஒரு தமிழ் மாமி வாறா. கம்பளித் தொப்பி போட்டிருக்கிறா, பொட்டும் வைச்சிருக்கிறா. காலமையில இருந்து எங்களுக்குப் பின்னாலதான் வாறா. நாங்கள் நிண்டால் அவாவும் நிக்கிறா. பாவம், வழி தெரியாது போல."

அக்கா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். பாலம் தொடங்கும் இடத்தில் அந்த மாமியும், பக்கத்தில் குடையோடு ஓர் உயரமான ஆளும் நின்றார்கள். மாமி அவசரமாகத் தண்ணீரைப் பார்த்தார். அக்கா சித்தியைப் பார்த்தாள்.

"ஆர் அது?"

"நல்ல குடும்பம் பிள்ளை. பெடியனுக்கு நல்ல வேலை. உனக்குக் கால் சரியில்லை எண்டு ஆரோ போய்ச் சொல்லிப்போட்டினம். அதுதான் நேர வந்து பாருங்கோ எண்டனான். உன்ர நன்மைக்குத்தானே. கொம்மாவுக்கும் தெரியும்."

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அங்க ஊரில இருந்து நீ என்ன செய்யப்போறாய் எண்டுதான்..." என்று அம்மா தொடங்கினார்.

அக்கா பாலத்திலிருந்து இறங்கி நேரே அந்த மாமியிடம் போனாள். காலை மறைக்காமல் இழுத்து இழுத்தே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். மாமிக்கு முன்னால் நின்று சல்வாரின் இடது காலை முழங்கால் வரை சுருட்டினாள்.

"தூர நிண்டு பாத்தால் வடிவாத் தெரியாது மாமி. கிட்டப் பாருங்கோ. இந்தக் கால்தான். செல் துண்டு இன்னும் உள்ளுக்குள்ள கிடக்கு. நடந்தால் இழுக்கும், குளிருக்கு நோகும். வேற என்ன பாக்கோணும்?"

"ஐயோ பிள்ளை, நாங்கள் சும்மா ஊர் பாக்க வந்தனாங்கள்" என்றார் மாமி. அந்த ஆள் தன் அம்மாவின் கையைப் பிடித்து, "வாங்கோ அம்மா, போவம்" என்று மெல்லச் சொன்னார். அவருடைய காது சிவந்திருந்தது. சித்தி மேலே நின்று, மானம் போய்விட்டது என்று தலையில் கை வைத்தார்.

செல் அடித்தவர்கள் எவரையும் யாரும் நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. பட்டவளைத்தான் பாலம் பாலமாக ஏற்றி இறக்கினார்கள். அதுவும் எங்கள் ஆட்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அன்று எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்து வள்ளத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலையிலிருந்து வாய் திறக்காத சித்தப்பா ஓடிவந்து எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துத் தந்தார். வள்ளத்தில் அக்கா முன் ஆசனத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அங்கே வேலை செய்தவள் வந்து ஏதோ சொன்னாள். அக்கா காலை எடுக்கவில்லை. அந்தப் பாலத்துக்குக் கீழே போனபோது மேலே அம்மா தனியாக நின்று எங்களையே பார்த்தார். நான் துள்ளித் துள்ளிக் கை காட்டினேன். அக்கா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாளில் அந்த மாமி வீட்டிலிருந்து பதில் வந்ததாம்: பிள்ளைக்கு வாய்க்கொழுப்புக் கூட. காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா ஊருக்குத் திரும்பி வந்து படித்தாள். இப்போது மல்லாவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். சித்தியோடு கதைப்பதில்லை.

நாங்கள் வள்ளத்தில் போன அன்று பின்னேரம், சித்தி வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளியே வெயில் எறித்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அம்மா குசினியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, உப்பைக் கரைத்து, அக்காவின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். இடது காலைப் பிடிக்கக் கையை நீட்டினார். அக்கா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

அம்மா எழும்பவில்லை. நீட்டிய கையும் அப்படியே இருந்தது. எனக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. "எனக்கும் கால் நோகுதம்மா" என்று பக்கத்தில் போய் இருந்து என் கால்களைப் பேசினுக்குள் வைத்தேன். அம்மா என்னுடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, கெண்டைக்காலில் பெருவிரலை வைத்து உருவத் தொடங்கினார். அந்த ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப உருவினார்.

"அங்க இல்லையம்மா, பாதத்திலதான் நோகுது" என்று நான் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு ஏன் அது கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.