முப்பத்தெட்டு டிவிக்கு ஒரே ஓடிபி

டிவி விற்கிற தொழிலில் டிவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, "கூட என்ன ஃப்ரீ?" என்றுதான் கேட்பார்கள். தி.நகரில் ஒரு ஷோரூமின் இரண்டாவது மாடியில் ஒன்பது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். நான் சேர்ந்தபோது டிவியோடு இஸ்திரிப் பெட்டி கொடுத்தோம். அப்புறம் சுவரில் மாட்டுகிற ஸ்டாண்டு. இப்போது ஓடிடி. சினிமா, சீரியல், விளையாட்டு, எல்லாம் ஒரு வருஷத்துக்குச் சும்மா.

வருஷம் முடிந்ததும் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் அகப்பட்டவர்தானே? போன வருஷம் சும்மா, இந்த வருஷம் காசு. காசு கட்டினால் நடுநடுவே விளம்பரம். விளம்பரம் வேண்டாமென்றால் இன்னும் கொஞ்சம் காசு. மலிவு பிளான் ஒன்று இருக்கும், அது போனில் மட்டும் தெரியும். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்க் கொட்டுவது? ஆப்புக்கு முகம் கிடையாது. எனக்கு இருக்கிறது, கழுத்தில் பெயர் அட்டையும் தொங்குகிறது.

என் புத்திசாலித்தனம்

புது டிவியை வாடிக்கையாளர் வீட்டில் மாட்டியதும் நானே போய் அந்த ஓடிடியைத் திறந்து கொடுக்க வேண்டும். திறந்தால் முதலில் ஒரு மொபைல் நம்பர் கேட்கும். அந்த நம்பருக்கு ஓடிபி வரும். எங்கள் வாடிக்கையாளர்களிலோ பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று பேங்க் சொல்லியிருக்கிறது, போலீஸ் சொல்லியிருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிற பையன் தினமும் சொல்கிறான். நான் கேட்டதும் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஓடிடி திறக்காவிட்டால் அந்த விற்பனை என் கணக்கில் ஏறாது. அதனால் என் நம்பரையே போட்டுவிடுவேன். ரெண்டு நிமிஷத்தில் படம் ஓடும், ஃபில்டர் காபியும் கிடைக்கும்.

அப்போது ஒரே நம்பரில் எத்தனை டிவி வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் அந்த ஆப் மாதத்துக்கு ஒருமுறை தானாக வெளியே வந்து, மறுபடி ஓடிபி கேட்கும். உடனே எனக்குப் போன் வரும். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடிக்கொண்டே சொல்லியிருக்கிறேன், பாதி முடி வெட்டிய தலையோடு சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஓடிடிக்காரர்கள் விதியை மாற்றினார்கள்: ஒரு நம்பருக்கு ஒரு டிவிதான். மீறியிருப்பவர்களின் பட்டியல் கடைக்கே வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே முப்பத்தெட்டு டிவி. அதில் என் வீட்டு டிவி ஒன்று, மற்றதெல்லாம் வாடிக்கையாளர்களுடையது.

மேனேஜர் வரதன் கூப்பிட்டார். ரெண்டு வாரம் கெடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வாடிக்கையாளர் டிவி ஒன்றுகூட என் நம்பரில் இருக்கக் கூடாது, இருந்தால் திங்கட்கிழமை நான் வர வேண்டாம். வேலை போகும் என்று சொல்லிவிட்டுப் பட்டியலை இன்னொரு முறை பார்த்தவர், தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தெட்டு டிவிய்யா! நீ குடும்பம் நடத்துறியா, கல்யாண மண்டபம் நடத்துறியா?"

நட்சத்திரம்

நம்பர் மாற்ற ரெண்டு ஓடிபி வேண்டும், என் போனுக்கு ஒன்று, அவர்கள் போனுக்கு ஒன்று. போனில் கேட்டால் யார் சொல்வார்கள்? நேரில் கிளம்பினேன். முதல் வீடு மந்தைவெளியில் ராஜகோபாலன் சார், பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். டிவி வாங்கியபோது நான் கொடுத்த விளம்பர நோட்டீசைக்கூடப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். தன் ஓடிபியை என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே தட்டினார். நம்பர் மாறியது. டிவியில் பளிச்சென்று எழுத்து வந்தது: "வருக, புதிய வாடிக்கையாளரே! உங்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு இன்னும் நாலு மாதம் இலவசம் பாக்கி. உதவி மையத்துக்குப் போன் போட்டால், சலுகை பழைய நம்பரோடு போச்சு, நம்பர் மாறினால் ஆளும் புது ஆள்தான் என்கிறார்கள். விலையும் ஏறியிருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பூதக் கண்ணாடியை எடுத்து வந்து நோட்டீசில் 'ஃப்ரீ' பக்கத்தில் கொசு மாதிரி இருந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அடியில் பொடி எழுத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று இருந்ததையும் படித்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் இந்த நட்சத்திரத்தைப் போட்டு ஜனங்களண்ட கையெழுத்து வாங்கினவன் நான். அதுக்குக் கீழே உக்காந்தா எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியறது."

ஒரே குடும்பம்

மயிலாப்பூரில் வயலின் சொல்லிக்கொடுக்கும் சுபத்ரா மாமிக்கு இலவசம் எப்போதோ முடிந்துவிட்டது, காசு கட்டித்தான் பார்க்கிறார். அதனால் நட்சத்திரத் தொல்லை இல்லை என்று நிம்மதியாகப் போனேன். நம்பர் மாற்றும்போது ஆப் ஒரு கேள்வி கேட்டது: இந்த வீட்டைச் சேராத டிவிகள் ஐந்து இருக்கின்றன, நீக்கவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்டுகிறீர்களா? இதுவும் புது விதி. காசு கட்டுகிறவர்களுக்கு ஆப் ஒரு பாஸ்வேர்டு தரும், அதைப் போட்டால் ஓடிபி வேண்டாம், என் பட்டியலிலும் வராது. மாமி அதைப் பஞ்சாமிர்தம் மாதிரி விநியோகம் செய்திருக்கிறார். பெங்களூரில் பெண், புனேயில் பிள்ளை, நங்கநல்லூரில் மச்சினர், ரெண்டு சிஷ்யைகள்.

"மாமி, ஒரே வீட்டுல இருக்கற குடும்பத்துக்குத்தான் செல்லுமாம்" என்றேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. வயலின் வில்லைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் ஒரே ஆத்துல இருந்தப்போ ரிமோட்டுக்கு அடிச்சுண்டு முகம் பாத்துப் பேச மாட்டோம். இப்போ ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து ஒரே சீரியலைப் பாத்துண்டு தினம் போன்ல பேசிக்கறோம். இப்போதான்டா குடும்பம், போய் உன் ஆப்புக்குச் சொல்லு!"

நிரந்தரப் புது வாடிக்கையாளர்

திருவான்மியூரில் ஒரு கம்ப்யூட்டர்காரர் என்னை வாசலிலேயே கட்டிப்பிடிக்காத குறை. நம்பர் மாற்றினால் புது ஆள் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னதும், "அதுதானே வேணும்!" என்றார். கிரெடிட் கார்டில் மாதாமாதம் கட்டுகிற புது ஆளுக்கு முதல் மூன்று மாதம் பாதி விலை. ஒவ்வொரு முறை சலுகை முடிந்ததும் வேறு நம்பரில் புது ஆளாகச் சேர்ந்துவிடுவாராம். ஃபிரிட்ஜில் ஒரு அட்டவணையே ஒட்டியிருந்தது: தன் நம்பர், மனைவி நம்பர், மாமனார், மாமியார், மைத்துனன்.

அவர் உள்ளே போனை எடுக்கப் போன நேரத்தில் அவர் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த லிஸ்ட் தீந்துபோனா இன்னொரு கல்யாணம்தான் வழிங்கறாருங்க. புது மாமனார், புது மாமியார், ஆறு மாசம் ஓட்டலாமாம்."

பஸ் ஸ்டாண்டில்

பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு வீடு முடித்துவிட்டேன். இலவசம் பாக்கி இருந்தவர்களிடம் முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன். திட்டினார்கள், திட்டிவிட்டு மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக வசந்தா அக்கா. மந்தைவெளியில் ரெண்டு வீட்டில் சமையல் வேலை. முன்பு அடையாறு ஆற்றோரம் குடியிருந்தவர், இப்போது பெரும்பாக்கத்தில் அரசாங்கம் மாற்றிக் கொடுத்த குடியிருப்பில் ஆறாவது மாடி. தவணையில் டிவி வாங்கினார். கையில் பட்டன் போன்தான், அதில் மெசேஜ் பார்க்கத் தெரியாது என்பதால் நானே என் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் மூன்று வாரம் இலவசம் பாக்கி. வேலை முடிந்து அவர் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் போய்ப் பிடித்தேன்.

"இப்ப மாத்துனா இன்னா ஆவும்?" என்றார்.

"ஃப்ரீ போயிடும்க்கா."

"ஞாயித்துக்கெழம எம்பொண்ணு ஆடுதே!"

அவர் மகள் தீபா, பிளஸ் டூ படிக்கிறாள், கபடி ஆடுகிறவள். முதல் முறையாக மாநிலப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். திருச்சியில் ஆட்டம், ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அந்த ஆப்பில் மட்டும்தான் காட்டுகிறார்கள். அக்கா இதுவரை மகள் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் வேலை நேரத்தில் நடந்தவை. அக்காவிடம் கிரெடிட் கார்டு கிடையாது, காசு கட்டிப் பார்ப்பதென்றால் டிவிக்கான பிளான் வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். மாற்றாவிட்டால் என் வேலை போய்விடும் என்பதையும் சொன்னேன். பெரும்பாக்கம் பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

"நானே கட்டிடறேன்க்கா" என்றேன். கட்டியிருப்பேன். எனக்கே அவமானமாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தைதான் அவரைச் சுட்டுவிட்டது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "தோ பாரு தம்பி, உங்கிட்ட நான் ஓசில கேக்கல. கடையில நின்னுக்கினு நீ இன்னா சொன்னியோ, அத்த கேக்குறேன்."

என் வீட்டு வாடிக்கையாளர்

மேற்கு மாம்பலம் வந்து சேரும்வரை யோசித்தேன். ஒரு நம்பருக்கு ஒரு டிவி உண்டு. அந்த ஒன்று என் வீட்டு டிவியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஓடிடிக்காரர்கள் எங்கே சொன்னார்கள்? என் வீட்டை நீக்கிவிட்டு அக்கா வீட்டை வைத்துக்கொண்டால் அவர்கள் கணக்கில் சரி. மேனேஜர் கணக்கில்தான் தப்பு. அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி கல்பனாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டு டிவி அவள் நம்பருக்கு மாறியது, அவள் புது வாடிக்கையாளர் ஆனாள், எங்கள் ஐந்து மாத இலவசம் போனது. எங்களிடமும் கார்டு கிடையாது, வருஷச் சந்தாவை முழுசாகக் கட்டினோம். போனை என் கையில் திணித்து, "ஓடிபி வந்திருக்கு, நீங்களே போட்டுக்குங்க" என்றவள், சமையலறைக்குப் போகும் வழியில் நின்று திரும்பினாள்: "ஊருக்கெல்லாம் ஃப்ரீயாக் குடுத்துட்டு, கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் ஃபுல் ரேட்டா? நல்ல யாவாரிக்குத்தான் வாக்கப்பட்டேன்!"

மேனேஜர் அறை

ஞாயிற்றுக்கிழமை. கீழே கடையில் நிற்க இடமில்லை. அஞ்சு மணிக்கு வரதன் சார் புதுப் பட்டியலை எடுத்து வைத்தார். என் பெயருக்கு நேரே ஒன்று. "பரவால்லையே! இது உன் வீட்டு டிவிதானே?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. வாயைத் திறந்தேன், போன் அடித்தது.

எடுத்தேன். அக்கா பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. பின்னால் மாடி மொத்தமும் கத்துகிறது. "தம்பி! ஓடிபி கேக்குது தம்பி! புள்ளைங்கள்லாம் கோட்டுக்குள்ள வந்துட்ச்சி, எங்கூட்டு டிவில ஒன்னியும் தெரியல!"

வரதன் சார் பேனாவை மூடினார். "உன் வீட்டுல உன்னத் தம்பின்னு கூப்பிடறது யாருய்யா?"

போனைக் காதிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஓடிபியும் வந்துவிட்டது, ஆறு எண் திரையில் நிற்கிறது. "கஸ்டமர் சார். அவங்க பொண்ணு இன்னிக்கு ஆடுது. ஒரு வருஷம் ஃப்ரீன்னு நான்தான் சொன்னேன் சார். இன்னும் வருஷம் முடியல" என்றேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனிலிருந்து வந்த கூச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் மேஜையைத் தட்டிக் கத்தினார்: "மொதல்ல நம்பரச் சொல்லுய்யா, டைம் முடிஞ்சிடப் போவுது!"

புகார் கவுண்டர்

வேலை போகவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. மறுநாளே என்னைத் தரைத்தளத்தில் புகார் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக நாற்காலி கிடைத்தது, கூடவே நான் விற்ற அத்தனை இலவசமும் வரிசையில் வந்து நின்றது. நீங்களும் அந்த வரிசையில் இருந்திருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து வசந்தா அக்கா வந்தார். பின்னால் தீபா, முழங்காலில் பிளாஸ்திரி. அன்றைக்கு அவர்கள் அணி தோற்றுவிட்டது, தீபாவைக் கடைசி நாலு நிமிஷம்தான் இறக்கினார்கள். அந்த நாலு நிமிஷத்தில் ரெண்டு பாயிண்ட் எடுத்தாள். அதைப் பார்த்து அடுத்த போட்டிக்கு முதல் ஏழு பேரிலேயே சேர்த்துவிட்டார்களாம். அக்கா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார்.

"ஃப்ரீ முட்ஞ்சிபோச்சி, எங்கூட்டு நம்பருக்கு மாத்திடு, வருசத்துக்கும் சேத்துக் கட்டிடு" என்றார். விலை ரொம்ப ஏறியிருக்கிறதே அக்கா, யோசித்தீர்களா என்று இழுத்தேன். மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏறட்டும் தம்பி. ஃப்ரீயாப் பாத்ததுக்கு நாலு நிமிசம்தான ஆட வுட்டானுங்க, காசு கட்டனா முழு ஆட்டமும் ஆட வுடுவானுங்கல்ல?"

மொத்தத்தில், இலவசம் என்று வாய் கூசாமல் சொல்லி விற்கிற எங்கள் தொழிலில், சொன்னதைச் சொன்னபடி ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுத்ததற்குத்தான் எனக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது.