நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஏற்றிய சிவகாமி அக்கா

சனிக்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் துணிக்கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் இன்னும் விலகாமல் இருக்கும் பள்ளி வேன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "அம்மா காலையில தவறிட்டாங்க. திங்கக்கிழமை வேன் வராது. வேற வண்டி பாத்துக்குங்க. மன்னிச்சிருங்க." எழுதியவர் வேன் ஓட்டும் சிவகாமி அக்காவின் மகள் ஷர்மிளா. ஆனால் அக்காவின் எண்ணிலிருந்தே வந்ததால், ஒரு கணம் அக்காவே சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி கவினுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவேன்? கவின் என் மகன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், மீசைகூட வைத்துவிட்டான். இருந்தும் என் மனம் அங்கேதான் ஓடியது. அக்காவை அறியாதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர் அவர். கணவர் இறந்தபின் அவருடைய வேனைத் தாமே ஓட்டத் தொடங்கினார். வாசலில் பிள்ளை நிற்கவில்லையென்றால் லயத்து வீட்டு வரிசையே எழுந்துவிடும்படி ஹாரன் அடிப்பார். வேனில் பலகாரம் தின்னக்கூடாது என்று அதட்டுவார். தம்முடைய இருக்கைக்குப் பக்கத்தில் மட்டும் எப்போதும் ஒரு முறுக்குப் பொட்டலம் இருக்கும்.

அவருக்கு ஷர்மிளாவுக்கு மூத்தவனாக ஒரு மகன் இருந்தான். பெயர் தினேஷ். பள்ளியில் படிக்கும்போதே டிங்கிக் காய்ச்சலில், டெங்கு என்பார்களே அதில், போய்விட்டான். அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். "காய்ச்சல் விட்டுருச்சு தேவி. எந்திரிச்சு உக்காந்து மீ கோரிங் சாப்பிடணும்னு கேட்டான். சாமிக்கு நேந்துக்கிட்டேன், வாங்கிட்டு வந்து குடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலமே கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. காய்ச்சல் விட்டா நல்லதுன்னுதானே நெனச்சேன்?"

ஆகவே, டிங்கிக்குத் தடுப்பூசி ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட்டு ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர் எப்படித் துடித்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் ஷர்மிளாவின் பெயரைக் கொடுத்தார். பிறகு வீடு வீடாக வந்தார். "போட்டுட்டா இந்தக் கொசுவுக்கு நாம பயப்பட வேணாம்லா" என்றார். கவின் அப்போது பாலர் பள்ளியில் இருந்தான். நானும் சம்மதித்தேன். கோலசிலாங்கூரில் இருந்த கிளினிக்குக்கு ஊசிக்கும், பிறகு இரத்தம் எடுக்கவும் எங்களை ஏற்றிச் சென்றவர் அவரே. ஊசிக்குப்பின் பிள்ளைகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாக உருவாகியிருக்கிறது என்று அங்கிருந்த தாதி சொன்ன நாளில், திரும்பும் வழியில் வேனை நிறுத்தி எல்லாருக்கும் ஐஸ் போட்ட செண்டோல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சில வருடங்கள் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. முன்பு ஒருமுறைகூட டிங்கி வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி ஆபத்தாகலாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நான் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன். கவின் கூடத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் கணவர் மகேன் பொதுவாகக் குரலை உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார்.

"நீங்க சொல்லித்தானேக்கா போட்டோம்?"

"ஆமா தம்பி, நான் சொல்லித்தான் போட்டீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னும் மத்த வீட்டுக்கெல்லாம் போவணும்." அவர் மகேனை நேராகப் பார்த்தார். "எனக்கும் பயமா இருக்கு. ஒளிக்க மாட்டேன்."

எல்லா வீடுகளுக்கும் போனார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. மறுநாளும் போய் நின்றார்.

பெற்றோர்கள் கேட்டுக்கேட்டு, கடைசியில் கிளினிக்கில் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இளம் தமிழ் டாக்டர் ஒருவர் நிதானமாக விளக்கினார். "டிங்கியில நாலு வகை இருக்கு. முதல் தடவை வந்ததைவிட, வேற வகை ரெண்டாவது தடவை வரும்போதுதான் கடுமையாகுற வாய்ப்பு அதிகம். முதல்ல உண்டான எதிர்ப்புச் சக்தி அந்தப் புது வகையைத் தடுக்காம, சில சமயம் அதுக்கே துணை போயிடுது. டிங்கியே வராத பிள்ளைக்கு இந்த ஊசி முதல் காய்ச்சல் மாதிரி வேலை செஞ்சிருக்கலாம். அப்புறம் நிஜமா வர்றது ரெண்டாவது மாதிரி தாக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எங்க பிள்ளைங்கள்ல யாருக்கு ஆகும்?" என்று கேட்டது அக்காதான்.

ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியையும் நிஜக் காய்ச்சலால் வந்ததையும் பிரித்துப் பார்க்க இப்போது ஒரு சோதனை இருக்கிறது, எடுத்து வைத்த இரத்தத்தில் அதைச் செய்து பார்க்கிறோம் என்றார் டாக்டர்.

முடிவு வர மாதக்கணக்கானது. ஒவ்வொருவராக உள்ளே அழைத்துச் சொன்னார்கள். ஷர்மிளாவுக்கு ஊசிக்கு முன்பே டிங்கி வந்து, வீட்டாருக்கே தெரியாமல் போயிருந்தது. அவளுக்கு ஊசி பாதுகாப்புதான். கவினுக்கு முன்பு வந்ததே இல்லை. நான் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எம்பிள்ளை தப்பிச்சிருச்சு, உன் பிள்ளை மாட்டிக்கிட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தாம் பெற்றவள் பத்திரம் என்ற சந்தோஷத்தை அன்று அவர் தமக்கு அனுமதிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. பிள்ளைகள் வேனில் ஏறும் முன் ஒவ்வொருவர் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் வேன் பள்ளிக்குப் போகாது, நேராகக் கிளினிக்குக்குப் போகும். பெற்றோருக்கு வழியில் ஃபோன் வரும். பிள்ளைகளுக்கு எரிச்சல். "அக்கா கை எப்பவும் முறுக்கு எண்ணெய்ம்மா" என்று கவின் முகத்தைத் துடைத்துக்கொள்வான். வீட்டில் நான் அதைவிட மோசம். அவன் தும்மினால்கூடத் தெர்மாமீட்டரை எடுத்துவிடுவேன்.

பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கி என்று சோதனையில் தெரிந்தது. தினமும் இரத்தம் பார்த்தோம். வியாழக்கிழமை காலை அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. நான் மகேனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்காவுக்கு ஃபோன் செய்து, "காய்ச்சல் விட்டுருச்சுக்கா!" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "நான் வர்றேன்" என்றார்.

வந்தவர் கவினின் நெற்றியைத் தொடவில்லை. காலைத் தொட்டார். பாதத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். "வயிறு வலிக்குதாய்யா?" என்றார். ஆமென்று தலையாட்டினான். எங்களிடம் அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

"தம்பி, இவனத் தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"காலையிலதானேக்கா விட்டிருக்கு, கொஞ்சம் தூங்கட்டுமே. மத்தியானம் எப்படியும் ரத்தம் பாக்கப் போவோம்" என்றார் மகேன்.

"தூக்குங்கன்னேன்!"

அவருடைய அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பின்னிருக்கையில் கவின் இரண்டுமுறை வாந்தியெடுத்தான். கண்ணாடியில் தெரிந்த அவருடைய கண்கள் சாலையிலும் என் மகன்மேலும் மாறிமாறிப் பதிந்தன. ஆஸ்பத்திரியில் நாடியைப் பார்த்த டாக்டர் எங்களிடம் எதுவும் சொல்லாமல் தாதியைக் கூவி அழைத்தார். பிளேட்லெட் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது, இரத்தத்தில் நீர் வற்றிக் கெட்டிப்பட்டிருந்தது. கதவை மூடிவிட்டார்கள். வெளியே நாற்காலியில் அக்கா என் கையைப் பிடித்திருந்தார்.

கவின் பிழைத்தான். டிரிப்பில் உடம்பு தேறியது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அக்கா டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஊசியாலதானே டாக்டர்?"

"ஒரு பிள்ளையை வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஊசியே போடாத பிள்ளைகளும் இப்படி வருதுங்க."

அக்கா தலையாட்டினார். ஆனால் அந்த ஆறுதலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். அவருக்கு அது போதவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேனை விட்ட பிறகும் மழைக்காலத்தில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார். அண்மையில் வேறொரு புது ஊசி வந்திருக்கிறது, போடலாமா என்று இளம் தாய்மார்கள் அவரிடம் கேட்டார்கள். "என்னைக் கேக்காதீங்கம்மா. டாக்டரைக் கேளுங்க. புரியலன்னா திரும்பக் கேளுங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வந்துராதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எடுத்தோம். பாடையின் ஒரு முனையைக் கவின் தூக்கினான். அவர்கள் புறப்பட்டுப் போனதும் மழை கொட்டியது. மழை விட்டபோது, பந்தலுக்கு வெளியே புல்தரையெங்கும் வந்தவர்கள் குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் கோப்பைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மழைநீர், கொசு முட்டையிடப் போதுமான அளவு. நாங்கள் தாய்மார்கள் சிலர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் யார் குனிந்தது என்று நினைவில்லை. முன்பு அக்காவுக்குக் கதவைத் திறக்காத வீட்டுக்காரரும் எங்களோடு வந்தார். ஈரப் புல்லில் குனிந்து, ஒரு கோப்பை விடாமல் கவிழ்த்தோம்.

போய் வாருங்கள் அக்கா. அந்தப் பயத்தை இனி நீங்கள் சுமக்க வேண்டாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.