சிலமலை ஆத்தாவுக்கு ஜீப்பில் இடமில்லை

"இந்த வாரம் உங்கள் வேலையில் ஒரு காரியத்தையாவது வேதத்தின் கண்ணோட்டத்தில் பார்த்துச் செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்கள்." போடிநாயக்கனூரில், எங்கள் சபையில் நடந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளின் கடைசி வரி இது. தாளின் மூலையில் நானே தேதி எழுதி வைத்திருக்கிறேன். அது போன வருடம், ஆகஸ்ட் மாதம், இரண்டாம் சனிக்கிழமை. மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாகத் தொடங்கியிருந்த நேரம்.

எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். சபைக் கோயிலின் சுற்றுச்சுவர் எப்போது எழுப்பப்பட்டது, எந்தக் கிறிஸ்துமஸுக்கு மழை கொட்டியது என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் வகுப்பின் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் பொறுப்பும் எனக்கே வந்தது.

வகுப்பை நடத்தியவர் மதுரையிலிருந்து வரும் தேவ ஊழியர். ஜெபம், பாட்டு, காணிக்கை தவிர மற்றதெல்லாம் நம் சொந்த விஷயம் என்ற நினைப்பை உடைப்பதுதான் அவர் நோக்கம். அன்றைக்கு பைபிளில் உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்தார். வீடு கட்டுகிறவன் மாடியிலிருந்து யாரும் விழாதபடி கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்ற கட்டளை அதில் இருக்கிறது. "பாருங்க, இது கொத்தனார் சோலி. கடவுள் இதையும் பேசுறார்" என்றார்.

பின்வரிசையில் இருந்த ஜீப் டிரைவர் ஒருவர் எழுந்தார். போடிமெட்டுக்கு மேலே உள்ள ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்குத் தினமும் காலையில் பெண்களை ஏற்றிப் போகிறவர்.

"அப்ப என் ஜீப்புக்குக் கைப்பிடிச் சுவரு எதுங்கய்யா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சீசனில் ஆட்களைத் திணித்து, பின்படியில் தொங்கவிட்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவதை அவரே சொன்னார். "திங்கக்கெழமைல இருந்து பெர்மிட்டுல உள்ள ஆளுதான். ஒரு ஆளு கூடுதலா ஏத்த மாட்டேன்" என்றார். கைதட்டினோம். அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருப்பவரும் வகுப்பில் இருந்தார். "நல்ல காரியம்" என்று அவரும் தலையசைத்தார்.

திங்கட்கிழமை விடிவதற்குள் நான் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். இவ்வளவு துணிச்சலான தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது என்று நேரில் பார்த்து எழுத ஆசை. மேலே வரை போய்வரலாம் என்று டிரைவர் முன்சீட்டைக் காட்டினார். ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெண்கள் தூக்குச்சட்டியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாக வந்து ஏறினார்கள். அளவு நிறைந்ததும் டிரைவர் பின்கதவை அடைத்தார். அந்த நேரத்தில்தான் சிலமலையிலிருந்து வரும் முதல் பஸ்சை விட்டு இறங்கி இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். அந்த பஸ்சில் வருவதால் அவர்கள் எப்போதும் கடைசிதான். இத்தனை நாளும் படியில் நின்றபடிதான் போயிருக்கிறார்கள்.

"இன்னைக்கு இம்புட்டுத்தான் ஆத்தா. இனிமே அளவாத்தான் ஏத்துவேன். வேதத்துல அப்படித்தான் இருக்கு" என்றார் டிரைவர்.

இருவரில் மூத்தவர் இடுப்பில் கை வைத்தார். டிரைவர் அவரைச் சிலமலை ஆத்தா என்றுதான் கூப்பிடுவாராம். "என்ன மாப்ளே, ஜீப்புக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டியா?"

ஜீப்புக்குள் ஒரே சிரிப்பு. டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த ஆத்தா சிரிக்கவில்லை. அவர் பார்வை முன்சீட்டுக்கு வந்தது.

"முன்னால ஒக்காந்திருக்காரே சாரு, அவரு காய் எடுக்கவா வர்றாரு?"

நான் அப்படியே இறங்கிவிட்டேன். அந்த ஆத்தா தன்னோடு வந்தவரைப் பிடித்து அந்த இடத்தில் ஏற்றிவிட்டார். "ஒனக்குக் காலு வலிக்குது, நீ போடி." இப்போது கீழே அவரும் நானும்தான்.

"இவங்கள எறக்கிட்டு வெரசா வந்திர்றேன் ஆத்தா. இங்கனயே இரு" என்றார் டிரைவர்.

"நீ வர்றதுக்குள்ள வெயிலு ஏறிரும். நேரங்கழிச்சு வந்தா கங்காணி காட்டுக்குள்ள விடுவாரா? இன்னொரு தரம் வராமப் போனா பேரை எடுத்துருவேன்னு போன வாரந்தான் சொன்னாரு. என் எடத்துக்கு ஆளு காத்துக்கிட்டு நிக்கிது."

டிரைவர் என்னைப் பார்த்தார். பின்படியில் ஏற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜீப் மலையடிவாரத்து முந்தல் பக்கமாகப் போய் மறைந்தது.

அடைத்திருந்த ஒரு கடைப்படியில் ஆத்தா உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "டீ குடிச்சா எஸ்டேட்டு பக்கத்துல வந்துருமா? நீங்க வீட்டுக்குப் போங்க சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளிச்சம் வந்து கடைகள் திறக்க ஆரம்பித்தன. தேவாரம் போகும் பஸ் ஒன்று சிலமலை வழியாகப் புறப்படத் தயாரானது. அவர் எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அதில் ஏறிவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். "வந்துருவாரும்மா" என்றேன். "வந்தா வரட்டும்" என்றார்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் டிரைவர் வந்தார். சொன்னபடி வெறும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வளைவுகளில் வேகமாக இறங்கியிருக்க வேண்டும்; முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஆத்தா எங்கண்ணே? சூப்பர்வைசர் அண்ணன்ட்டச் சொல்லிட்டேன். கங்காணிட்டயும் அவரே பேசிட்டாரு. கூட்டிட்டு வரச் சொல்லிட்டாருண்ணே" என்றார். பஸ் போன திசையைக் காட்டினேன். இருவரும் சிலமலை வரை போனோம். அந்த ஆத்தாவின் வீடு எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை டிரைவர் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். கைதட்டல் இல்லை. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆளு மிச்சமாகும்னு எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு ட்ரிப்புக்கு ஏற்பாடு பண்ணியிருப்பேனே!" என்றார். உண்மைதான். நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்டவர்கள். மூவரிடமும் மூவருடைய போன் நம்பரும் இருந்தது. ஆனால் டிரைவர் தன் தீர்மானத்தைத் தன்னுடையது என்று நினைத்தார். சூப்பர்வைசர் தலையசைத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று நினைத்தார். நான் எழுதுவதே என் பங்கு என்று நினைத்தேன். கடைப்படியில் அவர் பக்கத்தில் அத்தனை நேரம் நின்றும், சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து எஸ்டேட்டுக்குப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊழியர் எங்களைக் கண்டிக்கவில்லை. டிரைவரின் தீர்மானம் தவறு என்றும் சொல்லவில்லை. அதே உபாகமத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி வாசிக்கச் சொன்னார். அறுவடையில் வயலில் மறந்து வந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்ற பகுதி. "கைப்பிடிச் சுவரைச் சொன்னவரேதான் இதையும் சொன்னார். நான் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அந்த ஜீப் இரண்டு ட்ரிப் போகிறது. சூப்பர்வைசர் எஸ்டேட்டில் பேசி, பின்னால் வருகிறவர்கள் நேரம் தாழ்த்திக் காட்டுக்குள் இறங்கவும், அதற்கேற்ப மாலையில் பிந்தி வேலை முடிக்கவும் அனுமதி வாங்கிவிட்டார். படியில் யாரும் தொங்குவதில்லை. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாகவே இருக்கிறது.

அந்த ஆத்தா மட்டும் ஜீப்புக்கு வரவில்லை. கங்காணியிடமிருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. சூப்பர்வைசர் சொன்ன பெயரில் சிலமலையில் பலர் இருக்கிறார்கள். அன்று முன்சீட்டில் ஏறிய பெண், பஸ் பழக்கம்தான், வீடு தெரியாது, ஆனால் அவர் தேவாரம் பக்கம் தோட்ட வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன் என்கிறார். சிலமலை கடைக்காரர் ஒருவர், மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார். சிலமலையிலும் தேவாரத்திலும் விசாரித்துவிட்டேன்; ஆள் அகப்படவில்லை.

நல்லது என்று நம்பி ஒன்றைச் செய்யத் தொடங்கும்போதெல்லாம், இதனால் கீழே நிற்கப்போவது யார் என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் இன்று எங்கே வேலை செய்கிறார், அவருக்கு வேலை இருக்கிறதா என்பதை மட்டும் இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.