ஜீப்புக்குப் பின்னால் ஒரு வீடு

எங்கள் சேக்காட்டுத் தெருவில் சொந்த வீடு உள்ளவர்கள் நாலைந்து பேர்தான். ஜீப் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டையும் ஒரே வருடத்தில் சம்பாதித்துவிட்டதாக என் மாமா சொல்லிக்கொள்வார். வீட்டின் நீளம் எட்டடி, அகலம் ஐந்தடி. அது ஜீப்புக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டியிருந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர் வேலை. ஜீப், பட்டாளத்தில் கழித்து ஏலத்துக்கு விட்டது. சேறு, மணல், மேடு எதிலும் ஏறும், நாலு சக்கரமும் இழுக்கும் என்பதுதான் அந்த ரக வண்டிக்குப் பெயர். ஆனால் முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டை யாரோ ஏலத்துக்கு முன்பே கழற்றியிருந்தார்கள். அதனால் எங்கள் ஜீப்புக்கு இரண்டு சக்கரம் இழுக்கும், இரண்டு சக்கரம் கூட வரும். அதே ஏலத்தில் ஒரு இரண்டு சக்கர டிரெய்லரும் கிடைத்தது. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் இரும்புச் சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, உள்ளே இரண்டு பலகைகளைப் போட்டார். பகலில் உட்காரலாம், ராத்திரி நடுவில் இன்னொரு பலகையைச் செருகினால் படுக்கலாம். சன்னலுக்கு அம்மாவின் பழைய புடவையில் திரை. பின்பக்கம் ஒரு தண்ணீர் டிரம்மை போல்ட் போட்டு முறுக்கி, வெளியே குழாய் வைத்திருந்தார். அந்தக் குழாயைத் திறந்து காட்டாமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை.

பின்தகரத்தில் 'ஓம் சக்தி' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியவள் நான். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். 'க்'கின் புள்ளி ஒழுகிவிட்டது. இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்று பல நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் எதற்கென்றால், எனக்காக அம்மா செய்துகொண்ட ஒரு வேண்டுதலுக்காக. மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது எனக்கு அம்மை போட்டுப் பிழைப்பேனோ மாட்டேனோ என்று கிடந்தேனாம். எழுந்து நடந்தால் ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு அழைத்து வந்து வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்ற வைக்கிறேன், என் கையால் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். முதல் வருடம் பெரியப்பா இறந்து தீட்டாகிவிட்டது. அடுத்த வருடம் அப்பாவின் காலில் இரும்புத் தகடு விழுந்து ஆடி முழுக்கக் கட்டிலில் கிடந்தார். மூன்றாம் வருடம் ஆனி மாதமே தம்பிக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டு அடித்தது. மாமாவின் மனைவி, என் அத்தை, யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

"இந்த வர்சமும் தள்ளிப்போட்டா ஆத்தா சும்மா இருப்பாளா யண்ணி?"

அன்றிலிருந்து தம்பி இருமினால்கூட அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பாள். ஆடி பிறந்ததும் நாள் எண்ண ஆரம்பித்தாள். எந்த ஞாயிறு போகலாம் என்பதை அவள்தான் சொன்னாள், மாமா தலையாட்டினார்.

பெரியபாளையத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்போதெல்லாம் மாட்டு வண்டியிலும் வேனிலும் சட்டி பானையோடு போவார்கள். ஆரணியாற்று மணலில் இறங்கி ஒரு ராத்திரி தங்கி, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவார்கள். வண்டியின் முன்பக்கம் அம்மனுக்கு. அங்கே கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மன் படத்தையும் புதுப் பானையையும் முறத்தில் பூசைச் சாமான்களையும் வைப்பார்கள். அதற்குப் பக்கத்தில் யாரும் காலை நீட்டக் கூடாது, மூட்டை வைக்கக் கூடாது. மாட்டு வண்டியில் வண்டிக்காரன் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்து, முன்பாரத்தையும் பின்பாரத்தையும் ஈடு செய்துகொள்வான். எங்கள் தகரப் பெட்டியில் அதைப் பார்க்க யாருமில்லை. முன்னால் அம்மன் காற்றோட்டமாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, விறகு, அடுப்புக்கல், காலைக் கட்டிய சேவல், அத்தை, நான், தம்பி. அம்மா கடைசியாக வந்தாள். வந்தவள் டிரம்முக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா முன்னால் ஜீப்பில், மாமாவுக்குப் பக்கத்தில்.

பட்டாபிராம் வரை ஊர்வலம்தான். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா மாமே, ஊட்ட இஸ்துகினு எங்க கெளம்பிட்ட? வாடக பாக்கியா?"

"ஆத்தா ஊட்டுக்கு, நைனா," என்றார் மாமா. "வரியா? தண்ணி கொழாகூட கீது."

நெமிலிச்சேரி தாண்டி சாலை நேராக விரிந்ததும் மாமா வேகம் பிடித்தார். பெட்டி ஆட ஆரம்பித்தது. முதலில் தொட்டில் மாதிரி இருந்தது, தம்பி சிரித்தான். பிறகு நாய் வாலைப் போல இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வீசியது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தபடியே போனான். அத்தை அம்மன் படத்தைப் பிடிக்கப் பாய்ந்தாள், சேவல் அவள் மடியில் பாய்ந்தது. மாமா ஓரம் கட்டினார்.

சக்கரம், போல்ட், சங்கிலி எல்லாவற்றையும் மாமா தட்டிப் பார்த்தார். எதிலும் குறையில்லை. அந்த வருடம் எனக்கு நெம்புகோல் பாடம் நடந்து முடிந்திருந்தது. பரீட்சையில் சீசாப் பலகை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது என்று தோன்றியது.

"மாமா, சக்கரந்தான் நடு. பின்னாடி கனம் ஜாஸ்தியாகீது. அதான் முன்னாடி தூக்குது."

மாமா கொக்கிப் பக்கம் போய்ப் பெட்டியை இழுக்கும் கம்பிக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். அது கையோடு மேலே வந்தது. கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள சொல்லுது பாத்தியா," என்று அப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஆறு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கலாம்.

டிரம்மைக் கழற்ற ஸ்பானர் அளவு சரியாக இல்லை. தண்ணீரைக் கொட்ட மாமாவுக்கு மனமில்லை. அரிசியும் விறகும் முன்னால் வந்தன. அத்தை அம்மனிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலை மடக்கி முன்னால் உட்கார்ந்தாள். நானும் தம்பியும் போனோம். அம்மா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"யக்கா, நீயும் முன்னாடி வந்து குந்து," என்றார் மாமா.

"எனுக்கு இங்கியே தோதாகீது."

"தோதுக்கு இல்லக்கா, வண்டி ஆடுதே."

"மெதுவா ஓட்டேன்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வர்சமா போவணும் போவணும்னு உயிர வாங்கினது நீதான். இப்ப நடுரோட்ல இன்னா புடிவாதம்?" என்றார். அம்மா சன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பாடம் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? ஆளுக்கு எத்தனை கிலோ, சக்கரத்திலிருந்து எத்தனை அடி என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்லி, "அம்மா ஒர்த்தி முன்னாடி வந்தா சரியாப் பூடும். அது குந்தினுகீற எடந்தான் தப்பு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி முடித்தேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

மெதுவாகவே போனோம். திருநின்றவூரில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கேட்டுக்கு முன்னால் சின்ன மேடு. மேட்டில் ஏறியதும் டிரம்மும் அம்மாவும் இருந்த பின்பக்கம் தாழ்ந்தது. ஜீப்பின் பின்பக்கம் எழும்பியது. இழுக்கிற இரண்டு சக்கரமும் ஜல்லியைப் பின்னால் வாரி இறைத்தபடி நின்ற இடத்திலேயே சுழன்றன. ஜீப் தண்டவாளத்தில், பெட்டி மேட்டில். பின்னால் நாலைந்து வண்டிகள். ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாத்தே, ஊடு கட்ட வேற எடமே கெடக்கலியா?"

கேட்காரர் கையைக் காட்டிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார். ரயில் வரும் நேரம் என்பது மட்டும் புரிந்தது. அப்பா குதித்து இறங்கினார். அவருக்கு முன்பே அம்மா இறங்கிவிட்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் எழுதிய எழுத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவள் இறங்கியதால் கனம் குறைந்ததா, தள்ளியதால் நகர்ந்ததா, தெரியாது. ஜீப் ஒரு உதறு உதறிச் சக்கரம் பிடித்து, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. எங்களுக்குப் பின்னால் கேட் இறங்கியது.

அம்மா நடந்து வந்தாள். பெட்டியின் படியில் கை வைத்தாள், ஏறவில்லை. முன்னால் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தாள். பிறகு, இறங்கி வந்து நின்ற தன் தம்பியைப் பார்த்தாள். மாமா ஏதோ கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ பெட்டில ஏறிக்க. உன் கனம் முன்னாடி இருந்தாத்தான் வண்டி நிக்கும். யக்கா எங்கூட ஜீப்புல வரட்டும்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்து அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி அதற்குப் பிறகு ஆடவில்லை. இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று வழியெல்லாம் எனக்கு வருத்தம்.

ஆற்று மணலில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஆனால் மாமா குழாயைத் திறந்து காட்டவில்லை. ஜீப்புக்குப் பூட்டு கிடையாது, ஏல வண்டியை எவனாவது கிளப்பிக்கொண்டு போய்விடுவான், அக்கா இங்கேயே காவல் இருக்கட்டும் என்றார். தள்ளியதில் அக்காவுக்குக் கை பிசகியிருக்கிறது, பொங்கலை நீ வை என்று அத்தையிடம் சொன்னார். நான் காவல் இருக்கிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "உனுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும் மச்சான்," என்று வாயை அடைத்தார்.

எனக்கு வேப்பிலை கட்டியது அத்தை. இலை உடம்பெல்லாம் அரித்தது. கோயிலைச் சுற்றும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டத்தில் அம்மாவின் முகத்தைத் தேடினேன். மூன்று வருடம் காத்திருந்த வேண்டுதலைப் பார்க்க, வேண்டிக்கொண்டவள் மட்டும் வரவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று விடிவதற்குள் அம்மாவுக்குத் தூரமாகிவிட்டது, மாதவிலக்கு. அவள் எண்ணி வைத்திருந்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால். சொன்னால் பயணம் நிற்கும். நின்றால் தம்பிக்கு என்ன ஆகுமோ என்ற பயம். சொல்லாமல் வந்தால் அம்மன் பக்கத்தில் போகக் கூடாது. எட்டடிப் பெட்டியில் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, துணி மடித்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் இதைச் சொன்னாள். மாமாவிடம் அப்போது சொன்னாயா என்று கேட்டேன். "கூடப் பொறந்தவங்கிட்ட அதப் போயி எப்டி சொல்றது?" என்றாள்.

ஆற்று மணலில் ராத்திரி தங்கி மறுநாள் கிளம்பும்போது, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். அம்மாமேல் கோபம்தான். இருந்தாலும் என் கையாலேயே அவள் நெற்றியில் வைத்துவிட வேண்டும் என்று ஆசை. விரலில் குங்குமத்தை எடுத்துவிட்டேன். அம்மா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கில் இருந்த மாமா குறுக்கே கை நீட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கினார்.

"குடு இங்க. வண்டிக்குத்தான் மொதல்ல."

பொட்டலத்தில் இருந்தது மொத்தத்தையும் ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் கியர்க் கம்பியிலும் பூசித் தீர்த்துவிட்டார். ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்கவில்லை.

நான் அழுதுகொண்டே போய்ப் பெட்டியில் ஏறினேன். ஏலத்தில் எடுத்த ஒரு ஓட்டை ஜீப், கூடப் பிறந்த அக்காவைவிடப் பெரிதாகப் போய்விட்டது இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை மாமாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.