சிம்பல் இல்லாத பாட்டு

புதுப்பட்டினம் பஜாரில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் பூபாலன் இந்த உலகத்தில் இரண்டை மட்டும்தான் நம்பினார். ஒன்று அவருடைய காது. இன்னொன்று ‘மூடிய கேட்’ என்ற ராக் பேண்ட்.

செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட் அது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் மதுராந்தகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் முதன்முதலாக வாசித்தபோது மைக் கட்டியவர் பூபாலன். ட்ரம்ஸ்காரன் சிம்பலில், அந்தப் பெரிய பித்தளைத் தட்டில், ஒரு தட்டு தட்டினான். அந்த ‘ஜல்’ இவர் பிடரியில் ஏறி உட்கார்ந்ததுதான், இறங்கவேயில்லை. ரசிகர்களுக்கென்று வாட்ஸப் குரூப் ஆரம்பித்ததும் இவர்தான், அட்மினும் இவர்தான். எண்பத்தாறு பேர் இருந்தார்கள்.

பேண்டின் புது ஆல்பம் வந்த அன்றைக்கு இவர் நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை முடிந்ததும் குரூப்பில் ஒரு வரி போட்டார்: “ட்ரம்ஸ் வாசிக்க ஆளே இல்ல. கம்ப்யூட்டர்ல தட்டி வெச்சிக்கினு நம்மள ஏமாத்துறானுங்க. சிம்பல் எங்கடா?”

பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். பழைய பாட்டில் இருந்த கோபம் இல்லை, காசு வந்ததும் பசங்க மாறிவிட்டார்கள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எதிர்த்து நின்றது ரூத் என்ற ஒரு பெண். “புது பாட்டுலதான் சிம்பல் ரொம்ப அழகா இருக்குதுண்ணா, மழை தூறுற மாதிரி” என்று எழுதினாள்.

பூபாலனுக்குச் சுருக்கென்றது. யார் இவள்? குரூப்பில் சேர்ந்தே அஞ்சு மாசம்தான் ஆகிறது. டிபி-யில் முகம் இல்லை, செம்பருத்திப் பூ இருக்கிறது. யார் எதைத் திட்டினாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். சம்பளம் வாங்காமல் இவ்வளவு பொறுமை எவளுக்கு வரும்? பேண்டுக்காரன் காசு கொடுத்து உள்ளே விட்ட ஆள் என்று முடிவே கட்டிவிட்டார். அவள் கேளம்பாக்கம் என்று தெரிந்ததும், அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டும் சிநேகிதன் மோசஸை உளவு பார்க்க அனுப்பினார்.

“கண்ணாடிக் கடையில வேல செய்யுது மச்சான். கண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு கீது” என்றான் மோசஸ்.

“அதெல்லாம் வெளிய காட்டுறதுக்குடா” என்றார் பூபாலன்.

உண்மையைச் சொன்னால், அந்த வருஷம் அவருக்கு ரூத் மீது மட்டுமா சந்தேகம்? கல்யாண மண்டப மேனேஜர் பக்தவத்சலம் இரண்டு தடவை வந்து, “அந்தக் கீச்சு சத்தத்த, ட்ரெபிள கம்மி பண்ணுப்பா, ஜனங்களுக்குக் காது கிழியுது” என்றார். போட்டிக் கடை ஜெகதீசன் அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று பூபாலன் நினைத்தார். மனைவி பிரபாவதி போனில் தன் தங்கையோடு குசுகுசுவென்று பேசுவதாகப் பட்டது. வீட்டில் தன்னை வைத்து ஏதோ நடக்கிறது என்று அவளிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனுஷன் இப்படி ஊரையே கூண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்.

சண்டை முற்றிய ஒரு நாள் குரூப்பில் எல்லாரும் பார்க்கச் சபதம் போட்டார். “ஞாயித்துக்கிழம வாங்க. பழசும் புதுசும் என் செட்லயே போடறேன். புது பாட்டுல சிம்பல் கீதுன்னு எவனாவது காட்டிட்டா, இனிமே நான் மிக்சர் மேல கை வெக்க மாட்டேன்.”

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த மிக்சர் மீது கை வைக்காவிட்டால் பூபாலனுக்குச் சோறு கிடையாது. இருபத்து நாலு வருஷமாக அதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் போனதில்லை. அது குரூப்பில் எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாமல்லபுரத்தில் மோசஸின் மைத்துனன் நடத்தும் லாட்ஜின் மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். பூபாலன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி வைத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது ரூத் படியேறி வந்தாள். முப்பது வயசு இருக்கும். கையில் ஒரு டப்பா. எல்லாருக்கும் சமோசா எடுத்து நீட்டினாள். சாட்சிகளுக்கு லஞ்சமா என்று பூபாலனுக்கு உள்ளே எரிந்தது. யாரிடம் என்ன பேசுகிறாள், யார் தலையாட்டுகிறார்கள் என்று அவள்மீதே கண்ணை வைத்துக்கொண்டு மிச்ச ஒயர்களை மாட்டி முடித்தார்.

முதலில் பழைய பாட்டு. பூபாலன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணம் வரும் இடத்தில் கையை உயர்த்தி, “இதோ! கேட்டீங்களா? கண்ணாடி கணக்கா வந்து விழுது பாரு. இது சிம்பல்!” என்றார்.

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னா மூஞ்ச மூஞ்ச பாக்கறீங்க?”

“அண்ணா... சிம்பல் கேக்கலண்ணா” என்றாள் ரூத்.

எல்லாரையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறாள், சந்தேகமே இல்லை! பூபாலனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மாடியின் அந்தக் கோடியில் லாட்ஜுப் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தார் சந்திரம்மா. அவருக்கு இந்தப் பேண்டும் தெரியாது, சண்டையும் தெரியாது.

“யக்கா, நீ சொல்லு. தட்ட தட்டுற மாதிரி ஜல்லுன்னு ஒரு சத்தம் வந்துச்சா இல்லியா?”

“அப்பிடி ஒண்ணும் வரலியேப்பா” என்றார் சந்திரம்மா. “போர்வைக்குள்ள பூந்துக்கினு பாடுற மாதிரி கீது.”

பூபாலன் விருட்டென்று பெட்டிகளுக்குப் பின்னால் போனார். போனவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

பெட்டிக்குள் கீழே பெரிய ஸ்பீக்கர், மேலே சின்ன ட்வீட்டர். சிம்பல், ஜால்ரா, கொலுசு, மெல்லிசாக எது வந்தாலும் அது ட்வீட்டர் வழியாகத்தான் வரும். அதற்குத் தனி ஒயர். இரண்டு பெட்டியிலும் அந்த ஒயர் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது. ரூத்தை வேவு பார்த்த அவசரத்தில் அவரே விட்டது.

அந்தப் பெட்டிகளிலிருந்து சிம்பல் வெளியே வர வழியே இல்லை. அப்படியானால் இவர் கேட்டது எது?

அது பதினாலு வருஷத்துக்கு முன்னால் மதுராந்தகத்தில் கேட்டது. பழைய பாட்டு ஒவ்வொரு தடவை ஓடும்போதும் மனசு அதை எடுத்துப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. புது பாட்டுக்குப் போட மனசிடம் எதுவும் இல்லை. பக்தவத்சலம் பொய் சொல்லவில்லை. பிரபாவதி குசுகுசுவென்று பேசவும் இல்லை. இருபத்து நாலு வருஷம் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற காது, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டிருக்கிறது.

ரூத் பக்கத்தில் வந்து நின்றாள். ஒயரைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி, ஆனால் இவருக்குக் கேட்கும்படி காதருகே வந்து சொன்னாள்: “எங்க கடைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு, பேப்பர்காரன் இப்பல்லாம் எழுத்த பொடிசா போடுறான்னுதாண்ணா சொல்லுவாங்க.”

பூபாலன் இரண்டு ஒயர்களையும் மாட்டினார். எழுந்து வந்து புது பாட்டைப் போட்டார். அவருக்கு இப்போதும் சிம்பல் கேட்கவில்லை.

“ஆங், இப்ப வருதுப்பா!” என்று கொடிக்கயிற்றின் அந்தப் பக்கமிருந்து சந்திரம்மா கத்தினார்.

பூபாலன் மிக்சரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். “சொன்ன வார்த்த சொன்னதுதான்” என்றார். “நான் தோத்துட்டேன்.” யாரோ ஏதோ சமாதானம் சொல்ல வந்தார்கள். அவர் கையமர்த்திவிட்டு ரூத்தைப் பார்த்தார். இத்தனை நாள் இந்தப் பெண்ணை என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

“உன்ன தப்பா நெனச்சிட்டேம்மா.”

“தெரியும்ண்ணா. ஆட்டோ அனுப்புனீங்களே.”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையை அவள் முன் நீட்டினார்.

“சிம்பல் எங்கெங்க வருதோ அங்கெல்லாம் ஒரு தட்டு தட்டு.”

ரூத் பாட்டை முதலிலிருந்து வைத்தாள். அவர் உள்ளங்கையில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். மெதுவாக, விட்டு விட்டு, பிறகு படபடவென்று. மழை தூறுகிற மாதிரிதான் இருந்தது. பாட்டு முடிந்தபோது பூபாலன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“பையன் நல்லாத்தாம்மா வாசிச்சிக்கீறான்” என்றார். “இன்னொரு தபா போடு.”