குழி விழாத கேக்

அந்த கேக் நான் செய்ததல்ல. ஸ்டெல்லா செய்தது. தெரிந்தேதான் எடுத்தேன்.

'தவறுதலாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். எந்தச் சொல்லைச் சேர்த்தால் ஒரு குற்றம் எவ்வளவு இளைத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். சேர்க்கப்போவதில்லை. விரலை நீட்டினேன். "அது" என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

ஒன்பது ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை... என் மனைவி கல்யாணியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பதிப்பை மூடினார்கள். அதே ஆண்டு கல்யாணிக்கு வங்கியில் புனேவுக்கு மாற்றல் வந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகனோடு, கட்கியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியேறினோம். கேஸ் இணைப்பு கிடைக்க ஐந்து நாளானது. ஐந்து நாளும் கீழ்வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர் ஸ்டெல்லா. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாதே என்று கல்யாணி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அந்தச் சர்க்கரையே கேசரியாகி மேலே வந்தது.

ஸ்டெல்லாவின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், கடையில் மராத்தி, கோபம் வந்தால் இந்தி. பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்தார். கணவர் சேவியருக்குச் சாகணில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள், ஜெனி.

எனக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவனுக்குப் புனேவில் என்ன வேலை? ஒரு சிறிய ஓவன் வாங்கி, கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கப் கேக்கும் குக்கீயும் செய்யத் தொடங்கினேன். தீபாவளிக்கு விளக்கு வடிவத்தில் குக்கீ வெட்டினேன். கணபதிக்கு மோதக வடிவத்தில் கப் கேக் செய்தேன். பார்க்க நன்றாக இருக்கும். கட்டடத்தில் வாங்கினார்கள், பாதி இரக்கத்தால். அப்படியும் கல்யாணியின் அலுவலகத் தோழிகள் வந்தால், "சார் வீட்டில்தான் இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லும் வரையில் நான் அடுக்களையில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த டிசம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. மேல்மாடியில் குடியிருந்த தேஷ்முக், விமான் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் நிர்வாகம் பார்த்தவர். ஊழியர்களின் குழந்தைகளுக்கு அங்கே கிறிஸ்துமஸ் விழா. பிளம் கேக், கப் கேக், குக்கீ எல்லாம் ஒரே இடத்தில் வாங்க வேண்டும். என்னையும் ஸ்டெல்லாவையும் ஆளுக்கொரு பிளம் கேக் மாதிரிக்குக் கொடுக்கச் சொன்னார். நன்றாக இருப்பதற்கு ஆர்டர், பிடித்துவிட்டால் ஆண்டுதோறும்.

ஸ்டெல்லாவுக்கு அந்த ஆர்டர் எதற்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு பெரிய ஓவன் வாங்கிவிட்டால் ஆயா வேலையை விட்டுவிடலாம். குழந்தைகளின் கால்சட்டையைத் துவைக்கும் கையாலேயே கேக் செய்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை ஸ்டெல்லாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் விரலை நீட்டினேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

செய்முறையைச் சொல்லித் தந்ததும் ஸ்டெல்லாதான். போட்டியாளனுக்கு! மாடிப்படியில் நின்று, சர்க்கரையைக் கருக்குவதை, எந்த நிறத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பதை, எல்லாவற்றையும் சொன்னார். "பழத்த நல்லா வடிச்சு, மைதாவுல பிரட்டிப் போடுங்க அண்ணே. இல்லாட்டி எல்லாம் கீழ போயி உக்காந்துக்கும்" என்றார். என்னிடம் அந்த அளவில் டின் இல்லை என்றதும் தன்னிடமிருந்த ஒரு ஜோடியில் ஒன்றைக் கொடுத்தார்.

நான் பழத்தை வடிக்கவில்லை. ஊறவைத்த ஆரஞ்சுச் சாற்றையும் சேர்த்து ஊற்றினேன். ருசி கூடும் என்று நினைத்தேன்.

எங்கள் கடைத்தெருவில் விறகு அடுப்பு வைத்த பழைய பேக்கரி ஒன்று உண்டு. டிசம்பரில் வீட்டில் கலக்கிய மாவை டின்னில் ஊற்றி அங்கே கொண்டுபோவார்கள். பெயர் எழுதிய காகிதத் துண்டை, அந்த மாவையே கொஞ்சம் தொட்டு, டின்னின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவது வழக்கம். காலை ரொட்டி வெந்து முடிந்து அடுப்பு தணிந்ததும் டின்கள் வரிசையாக உள்ளே போகும். ஸ்டெல்லா பள்ளிக்குப் போகும் வழியில் தன் டின்னை வைத்துவிட்டுப் போனார். நானும் அதே காலையில் வைத்தேன்.

மூன்று மணிக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு நான்கு மணிக்குத்தான் பள்ளி விடும்.

அடுப்புக்காரர் ரஃபீக் பாய் மற்றவர்களுடையதை எல்லாம் கொடுத்து முடித்திருந்தார். மரப்பலகையின் மேல் இரண்டே டின்கள். இரண்டிலும் காகிதம் இல்லை. சூட்டில் காய்ந்து விழுந்திருந்தது. ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று மேடாக எழும்பி, உச்சியில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. மற்றொன்றின் நடுவில் கையளவு குழி.

எது என்னுடையது என்று ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. என் டின்னின் விளிம்பில் ஆரஞ்சுச் சாறு பொங்கிக் கருகிய கறை இருந்தது.

"உங்களுடையது எது?" என்று ரஃபீக் பாய் இந்தியில் கேட்டார்.

காட்டினேன். அவர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். இளஞ்சூடாக இருந்தது. நல்ல கேக்தான் எவ்வளவு கனம்!

திரும்பியிருக்கலாம் அல்லவா? பேக்கரியிலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிட நடை. ஏழு நிமிடமும் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நினைத்துக்கொண்டிருப்பதே பாதி திரும்பியதுபோல் இருந்தது... வீட்டுக்கு வந்ததும் சர்க்கரைப் பாகு ஐசிங்கால் கேக்கை முழுக்க மூடினேன். உச்சி வெடிப்பு தெரியக் கூடாது. மேலே செர்ரி வைத்து, பச்சை இலைகள் வரைந்தேன். நான் அதுவரை செய்ததிலேயே நேர்த்தியான அலங்காரம் அது.

ஸ்டெல்லா தனக்குக் கிடைத்த குழியை வெண்ணெய் ஐசிங்கால் நிரப்பி, சொன்ன வாக்குக்காகக் கொடுத்து அனுப்பியிருந்தார். அது ஈரக் களிமண் மாதிரி இருந்தது என்று தேஷ்முக் பிறகு என்னிடம் சொன்னார். ஆர்டர் எனக்கு வந்தது.

முதலில் வந்து வாழ்த்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

வாசலில் நின்று, "நான் அவசரத்துல சரியா வடிக்கல போல அண்ணே. உங்களுக்குச் சொல்லிட்டு நானே கோட்ட விட்டேன்" என்றார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த வாசலில் ஒரு வரி போதும். "உள்ளே வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆர்டரை என்னால் தனியாக முடிக்க இயலவில்லை. கப் கேக் தட்டுகள் வீடு முழுக்க, கட்டில்மேலும். ஸ்டெல்லாவைக் கேட்டேன். பள்ளி முடிந்ததும் நேராக வந்தார், தன் ஐசிங் பிழியும் முனைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு. மூன்றே சுழற்றில் ஒரு கிறிஸ்துமஸ் மரம். குக்கீயில் நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் ஒரே நீளம். நான் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவர் நான்கு முடித்தார். விழாவில் குழந்தைகள் கேக்கைத் தின்ன மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அன்றிலிருந்து இன்றுவரை ஸ்டெல்லா என்னோடுதான். ஆயா வேலையை விட்டுவிட்டார். பெரிய ஓவன் வந்தது, என் வீட்டில். "அண்ணே இல்லாட்டி நான் இன்னும் பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்திவிட்டுட்டு இருந்திருப்பேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நான் குனிந்து மாவு சலிப்பேன்.

உண்மையில் நன்றி சொல்ல வேண்டியவன் யார்? இந்த ஊரில் எனக்கு முதல் சோறு போட்டது அவர். தொழில் கற்றுத் தந்தது அவர். கல்யாணிக்கு டெங்கு வந்து படுத்தபோது பதினோரு நாள் கஞ்சி கொண்டுவந்தது அவர். என் மகன் கல்லூரி முடித்ததும், கல்யாணியின் தோழிகள் இன்று என்னிடம் கேக்குக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவைப்பதும், எல்லாம் அவர் கையின் உபயம். நாள்தோறும் காலையில் கீழ்ப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போது எனக்கு ஒரு நிறைவு வருகிறது. பொய்யில்லை. நான் அவருக்கு நன்றியோடுதான் வாழ்கிறேன். அந்த நன்றிக்கு அடியில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஆர்டரை மட்டும் எடுத்திருந்தால்கூட ஏதோ ஈடு செய்துவிட்டதாக என்னை ஏமாற்றிக்கொண்டிருப்பேன். நான் எடுத்தது வேறு.

ஸ்டெல்லா அந்த ஆண்டுக்குப் பிறகு மாவு கலக்கவே இல்லை. அலங்காரம் மட்டும்தான். "மாவு நீங்க கலக்குங்க. என் கை அந்த வருஷத்தோட போச்சு" என்பார். தன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கும் என் கேக்கைத்தான் எடுத்துப்போகிறார். சேவியர் கேலி செய்வார்: "ஸ்டெல்லா கேக் செஞ்சா கூடவே ஒரு கயிறும் வாளியும் குடுக்கணும். நடுவுல கிணறு இருக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்டெல்லாவும். ஒன்பது கிறிஸ்துமஸ்களிலும் நானும் சிரித்திருக்கிறேன்.

வரும் ஜனவரியில் ஜெனிக்குத் திருமணம். மாப்பிள்ளை அருண், கோயம்புத்தூர்ப் பையன், ஹிஞ்சேவாடியில் வேலை. என்னைப் பார்த்தால் ஊர்ப் பேச்சு பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் விடமாட்டார். திருமண கேக்கை அம்மாதான் செய்ய வேண்டும் என்று ஜெனிக்கு ஆசை. அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். "நீங்க சொன்னா கேப்பாங்க மாமா" என்று என்னிடம் வந்தாள்.

சொன்னேன். ஸ்டெல்லா குக்கீகளுக்கு வெள்ளை ஐசிங் பூசிக்கொண்டிருந்தார்.

"நீங்களே பண்ணுங்க ஸ்டெல்லா. உங்க கை எங்கேயும் போகலைங்க."

"அரே, விடுங்க அண்ணே. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி குழி விழுந்த கேக்கை வெக்கச் சொல்றீங்களா?"

"அன்னிக்கு..." என்று தொடங்கினேன். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முனையிலிருந்து ஒரு சொட்டு ஐசிங் மேசையில் விழுந்தது. ஒன்பது ஆண்டுகளில் அத்தனை அருகில் நான் வந்ததில்லை.

"அன்னிக்கு அடுப்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றேன்.

"அடுப்பு மேல பழி போடாதீங்க. உங்க கேக்கும் அதே அடுப்புலதானே வெந்துச்சு?"

மீண்டும் குக்கீக்குக் குனிந்துவிட்டார். திருமண கேக்கை நான்தான் செய்யப்போகிறேன். பழம் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் என்னை விட்டுப் போய்விடுவார் என்றா? கல்யாணியின் முகத்தைப் பார்க்க முடியாது என்றா? இரண்டும்தான். மூன்றாவதாக ஒன்று, எல்லாவற்றையும்விட இழிவானது... நல்ல மனிதர் என்று அவர் என்னை நம்புவது எனக்குப் பழகிவிட்டது. அதை இழக்க மனம் வரவில்லை.

அதனால்தான் எழுதத் தொடங்கினேன். ஸ்டெல்லாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பலரும் அப்படித்தான். அவர் வீட்டில் விவிலியம் மராத்தியில் இருக்கிறது. அவர் படிக்க முடியாத ஒரே எழுத்தில் உண்மையைச் சொல்கிறேன். இதற்குப் பெயர் துணிச்சல் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது.

இதுவரை எழுதி மேசையில் வைத்திருந்தேன். நேற்று மதியம் ஸ்டெல்லா பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். ஒரு பத்திரிகைக்கு, இந்த கேக் தொழிலைப் பற்றி என்றேன். தன் பெயர் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். ஐந்து நாள் சாப்பாட்டைப் படித்தேன். கேசரியைப் படித்தேன். தீப்பெட்டியில் ஐசிங் முனைகள், மூன்று சுழற்றில் மரம், பதினோரு நாள் கஞ்சி, படியில் செருப்புச் சத்தம். அவர் கண் தாளின் மேல்தான் இருந்தது. விடவேண்டிய வரிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனேன்; ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அத்தனை வருட நாளிதழ்ப் பழக்கம்.

முடித்தபோது ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பஸ், போதும் அண்ணே. ஒரு வாய் சோத்துக்கு இவ்ளோ எழுதுவாங்களா?" என்றார். பிறகு, அது அச்சில் வந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்.

உங்களுக்குத்தான் படிக்க வராதே என்றேன்.

"எனக்கு வராட்டி என்ன? அருண் நல்லா தமிழ் படிப்பாரு. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்திருக்கும்போது அவரையே சத்தமா படிக்கச் சொல்றேன்."

கட்டாயம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.