ஓரமாக நிற்கும் தர்மராஜ்

“போறீங்களா, வர்றீங்களா?”

பஞ்சராகி எந்தக் கார் வந்து நின்றாலும், டயரைப் பார்ப்பதற்கு முன் தர்மராஜ் இதைத்தான் கேட்பார். திருநள்ளாற்றுக்குப் போகிறவர் என்றால் கடைக்குள் பெஞ்சு உண்டு, மின்விசிறி உண்டு, அவர் மனைவி அஞ்சுகத்தின் கையால் டீயும் உண்டு. சனீஸ்வரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் என்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பூவரசு மரத்தடியில் கிடக்கும் நீல பிளாஸ்டிக் நாற்காலிதான். பதில் சொல்லத் தயங்குகிறவர்களும் தப்ப முடியாது. தலை ஈரமாக இருக்கிறதா, காதோரம் நல்லெண்ணெய் மினுக்குகிறதா என்று ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“கோவிச்சுக்காதீங்க சார், அங்கதான் நல்லா காத்து வரும்” என்பார். காற்று வருவது உண்மைதான். வாய்க்கால் வாடையையும் கூட்டிக்கொண்டு வரும்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் சாலையில், முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருக்கிறது அவர் இடம். சனிக்கிழமை வந்தால் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டும். வருகிறவர்கள் பீடையை இறக்கிவைத்துவிட்டு, இங்கே மலிவு என்று பெட்ரோலை ஏற்றிக்கொண்டு போவார்கள். நடுவில் ஆணி குத்தினால் தர்மராஜ். இப்படிச் சனியின் புண்ணியத்தில் சாப்பிடுகிற மனிதர், கடை போட்ட நாள்முதல் அந்தக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

“சனி பகவானுக்கு நேரா நிக்கப்படாது, ஓரமா நின்னு கும்புடணும்னு சொல்லுவாங்கல்ல? நான் ரெண்டு கிலோமீட்டர் ஓரமா நிக்கிறேன் சார்” என்பது அவர் கட்சி. “இப்படி ஒருத்தன் இருக்கான்னு அவருக்குத் தெரியாம இருக்கிற வரைக்கும் பொழப்பு ஓடும்.”

அஞ்சுகம் வாரம் தவறாமல் போய் எள்விளக்கு ஏற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. திறந்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பது சனி பார்வையைவிட நிச்சயமான விஷயம்.

தர்மராஜுக்குச் சொந்த ஊர் திருவேட்டக்குடி. அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். இந்த மீன்குஞ்சுக்கோ படகில் கால் வைத்தாலே குமட்டியது. “கடலு ஆடுனாப் பரவால்ல சார், என் கொடலும் சேந்து ஆடுது” என்று கரையிலேயே உட்கார்ந்து படகு இஞ்சின்களைப் பழுதுபார்த்தார். உப்புக்காற்று தின்ற நட்டுகளோடு மல்லுக்கட்டிய கை அது. அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. ஸ்பானர்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பெயின்டால் உருவம் வரைந்திருக்கிறார். எது இடத்தில் இல்லை என்று வாசலில் நின்றே தெரிந்துவிடும். யாருக்கும் எதையும் தரமாட்டார். “சீப்பும் ஸ்பானரும் எரவல் குடுக்கப்படாது.” அதிலும் நட்டின் மேல் தொப்பிபோல் கவிழ்கிற, உள்ளே பன்னிரண்டு பல் வைத்த ஒரு கனத்த சாக்கெட் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் தேடிப்பிடித்து வாங்கியது. அதை எண்ணெய் போட்டுத் துடைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தன் தலைக்கு அவ்வளவு எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை.

போன ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் என் பைக்குக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். பளபளக்கும் அலாய் சக்கரங்களோடு ஒரு வெள்ளைக் கார் தட்டுத்தடுமாறி வந்து நின்றது. பெரம்பலூர்க்காரர் தியாகராசன் இறங்கினார். கூடவே மகள் திரிபுரசுந்தரி, ஈரத்தலையோடு. கேள்விக்கே வேலை இல்லாமல் தர்மராஜின் விரல் நீல நாற்காலியைக் காட்டிவிட்டது.

டயரின் பக்கவாட்டில் கல் கிழித்திருந்தது. ஒட்ட முடியாது, சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்ட வேண்டும். நான்கு நட்டுகளில் ஒன்றைப் பார்த்ததும் தர்மராஜின் புருவம் ஏறியது. அது லாக் நட். திருடர்கள் சக்கரத்தைக் கழற்றிவிடக் கூடாதென்று, தலையை வழவழவென்று செய்து, தனியாக ஒரு சாவியும் கொடுக்கிறார்கள். அந்தச் சாவியைப் பொருத்தினால்தான் ஸ்பானர் பிடிக்கும்.

“சாவியக் குடுங்க சார்.”

தியாகராசன் இடுப்பைத் தடவினார். நடந்ததைச் சொன்னது மகள்தான்.

“கார் எங்களுது இல்லண்ணே. நாளைக்குக் காலையில எனக்கு நிச்சயம். மாப்பிள்ளையோட அப்பா, கோயிலுக்குப் போயிட்டு வாங்கன்னு ஆசையா குடுத்த கார். சாவி பத்திரம்னு அவர் சொன்னாருன்னு எங்கப்பா வேட்டி நுனியில முடிஞ்சு வச்சிருந்தாரு.”

“வேட்டி எங்க?”

“நளன் குளத்துல விட்டுட்டோம்.”

எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் முறை. அவ்வளவு பத்திரமாக முடிந்துவைத்த சாவியைப் பீடையோடு சேர்த்துத் தலைமுழுகிவிட்டு வந்திருந்தார் மனிதர்.

“போய் எடுத்துட்டு வாங்களேன்” என்றேன்.

“விட்டதத் திரும்பத் தொடலாங்களா? நாளைக்கு நிச்சயத்த வச்சுக்கிட்டு?” என்றார் தியாகராசன்.

சாவி இல்லாமல் கழற்றவும் தர்மராஜுக்கு வழி தெரியும். “நட்டு மேல சாக்கெட்ட அடிச்சு எறக்கிட்டா பல்லு கடிச்சுக்கும், திருவி எடுத்துடலாம். ஆனா ஒரு அடி தவறுச்சுன்னா ரிம்முல விழும்.” ரிம்மில் கீறலோடு அந்தக் காரைச் சம்பந்தி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தாள் அந்தப் பெண். “ராசியில்லாத பொண்ணுன்னு சொல்லிருவாங்கண்ணே” என்றாள். அழவில்லை. குனிந்து ரிம்மில் படிந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

தர்மராஜ் என்னைப் பார்த்தார். “சார், நீங்க ஒரு எட்டு போயிட்டு...” எனக்கு ஏழரை நடக்கிறது என்று அவசரமாகச் சொன்னேன். பைக் ஓட்டுகிறேன், குளத்து வாசலைத் தாண்டமாட்டேன் என்று பேரம் பேசினேன். அவர் அந்தப் பெண்ணை இன்னொரு முறை பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வாசலில் நின்ற அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குளத்தின் வாசலில் காத்திருந்தேன். கோபுரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சுவரை ஒட்டியே அவர் உள்ளே போன அழகைப் பார்க்க வேண்டுமே. கோழி பிடிக்கப் போகிறவர்கூட அப்படிப் பதுங்கமாட்டார். வெறுங்கையோடு திரும்பினார். துணிகளை எல்லாம் வண்டியில் அள்ளிப் போய்விட்டார்களாம்.

“துணிதான் போச்சு. பாத்துட்டாரு சார்” என்றார்.

“யாரு?”

“அவருதான். துண்டு நழுவிடுச்சு. நிமிந்தேன், நேரா கோபுரம்.”

முக்காட்டை இன்னும் இழுத்துக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறினார்.

கடைக்கு வந்ததும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நட்டைச் சுற்றி ரிம்முக்கு மெத்தை கட்டினார். மற்ற மூன்று நட்டுகளையும் முதலில் தளர்த்திவிடலாமே என்று தியாகராசன் நாற்காலியிலிருந்து யோசனை சொன்னார். “அதுங்களத் தளத்துனா மொத்த பாரமும் இவன் தலையில ஏறிடும் சார். கூட்டாளிங்க இறுக்கமா இருந்தாத்தான் இவன் அசைவான்.” சுவரில் இருந்து நாகப்பட்டினத்துச் சாக்கெட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நட்டின் தலையில் வைத்து அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் திரிபுரசுந்தரி கண்ணை மூடித் திறந்தாள். சாக்கெட் இறங்கிக் கவ்வியதும் நீளக் கம்பியைச் செருகி, அதன் மேல் இரும்புக் குழாயை மாட்டி, முழு உடம்பையும் சாய்த்தார்.

“அசைடா, அசைடா. பொண்ணுக்கு நாளைக்கு நிச்சயம்டா.”

முறிந்ததுபோல ஒரு சத்தம். கம்பி இறங்கியது. டியூபை விலக்கிப் பார்த்தார்கள். ரிம்மில் ஒரு கோடு இல்லை. அந்தப் பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

நட்டு கழன்றதே தவிர, சாக்கெட்டுக்குள் இறுகிக்கொண்டது. எவ்வளவு தட்டியும் வரவில்லை. தர்மராஜ் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, பெயின்ட் உருவத்துக்கு நடுவில் பழைய ஆணியிலேயே மாட்டினார். சாதாரண நட்டு ஒன்றைப் போட்டு ஸ்டெப்னியை முறுக்கினார்.

“சாவி போனத எப்படிச் சொல்றது?” என்றார் தியாகராசன்.

“நிச்சயம் முடிஞ்சு, பாயசம் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.”

காரில் ஏறப்போன திரிபுரசுந்தரி திரும்பி வந்தாள். “அண்ணே, எங்களுக்காக அங்க போயிட்டு வந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“எனக்கு என்னம்மா ஆவப்போவுது? நேரா வீட்டுக்குப் போங்க. எங்கயும் நிறுத்தாதீங்க.”

கார் கண்ணுக்கு மறைந்தது. அஞ்சுகம் டீயோடு வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து அவர் பட்டினி. கடைப்படியில் காலை வைக்கப் போனவரைப் பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

“போறீங்களா, வர்றீங்களா?”

தூக்கிய காலை தர்மராஜ் கீழே வைத்தார். டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டு, வாய்க்கால் பலகையைத் தாண்டிப்போய், நீல நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.